பச்சை அடித்த சாலை

நான் மூன்று நாள் விடுப்பில் போனது தப்பு. காய்ச்சல் என்னைக் கேட்டுக்கொண்டா வந்தது? இருந்தாலும் தப்புதான். திரும்பி வந்து பார்த்தால், நான் போட்ட சாலைக்குப் பச்சைப் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறார்கள்.

பெயின்ட் அடித்தால் என்ன குடிமுழுகிப் போயிற்று என்று கேட்பீர்கள். அது சாதாரணச் சாலை இல்லை. மணல் சேர்க்காமல், பொடி ஜல்லியும் சிமெண்டும் மட்டும் கலந்து போட்ட கான்கிரீட். ஜல்லிக்கு நடுவிலுள்ள சந்துகளில் மழைத்தண்ணீர் இறங்கி, அடியில் முழங்கால் ஆழத்துக்குக் கொட்டியிருக்கும் கல்லுக்குள் தங்கி, மெதுவாக மண்ணுக்குப் போகும். இதை ஒப்புக்கொள்ள வைக்க நகராட்சி அலுவலகத்துக்குள்ளேயே ஆறு வருடம் நாயாய் அலைந்திருக்கிறேன். தெருவின் பள்ளமான கோடியில் என் அக்கா வீடு. மழை பெய்தால் அவள் சமையலறையில் சாக்கடை நிற்கும். இந்த வருடம் ஒரு சொட்டு உள்ளே வராது என்று அவளிடம் அடித்துச் சொல்லியிருந்தேன்.

தலைமைப் பொறியாளர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பச்சையை ரசித்துக்கொண்டிருந்தார்.

"எப்படிம்மா இருக்கு? நாளைக்கு விருதுக் குழு வருது. பசுமைச் சாலைன்னு போர்டு வச்சுட்டு, ரோடு சாம்பல் கலர்ல இருந்தா போட்டோவுல எப்படித் தெரியும்?"

எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறிவிட்டது. கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை அப்படியே தரையில் கவிழ்த்தேன். ஒரு சொட்டுகூட இறங்கவில்லை. அவர் ஷூவைச் சுற்றிக்கொண்டு ஓடியது.

"ஓட்டையெல்லாம் அடைச்சிட்டீங்களே சார்! தண்ணி எங்க போகும்?"

"ஏம்மா கத்தற? எவ்வளவு வழவழன்னு ஓடுது பாரு!"

ஓரமாக நின்ற பெயின்டர், பாவம், என்னைப் பார்த்து நடுங்கினார். "ஒரு கோட்டுக்கு நிக்கல மேடம். ஊத்த ஊத்தக் குடிச்சிக்கிட்டே இருந்துச்சு. அதான் மூணு கோட்டு அடிச்சேன்." அந்த அலுவலகம் மொத்தத்திலும் என் சாலையைப் புரிந்துகொண்டவர் அவர் ஒருவர்தான்.

மாலையில் சான்றிதழ் என் மேசைக்கு வந்தது. சாலை வடிவமைப்பின்படி இயங்குகிறது என்று ஒரு வரி, கீழே என் கையெழுத்துக்கு இடம். மாட்டவே மாட்டேன் என்றேன். தலைமைப் பொறியாளர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தினார்.

"கையெழுத்து இல்லைன்னா விருது இல்ல. விருது இல்லைன்னா அடுத்த இருபது தெருவுக்கும் தார் ரோடுதான். குழு போன மறுநாளே மெஷின் வச்சு பெயின்டை உரிச்சிடலாம். நான் சொல்றேன்ல?"

இருபது தெரு. அங்கேதான் விழுந்தேன். பதினெட்டு வருட வேலையில், பொய் என்று தெரிந்தே போட்ட முதல் கையெழுத்து அது.

விருது வந்தது. குழுவில் ஒருவர், சாலை புல்வெளி மாதிரி இருக்கிறது என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மறுநாள் காலை முதல் வேலையாக, மெஷின் எங்கே என்று கேட்டேன்.

"விருது வாங்கின ரோட்டை உரிக்கறதா? உனக்கென்ன கிறுக்குப் பிடிச்சிருக்கா? பேப்பர்ல கலர் போட்டோ வந்திருக்கும்மா!"

கெஞ்சிப் பார்த்தேன். சண்டை போட்டேன். மேலிடத்துக்குக் கடிதம் எழுதினேன். இரண்டே நாளில் பதில் வந்தது. என் சான்றிதழின் நகலை இணைத்து, சாலை சரியாக இயங்குவதாகத் தாங்களே கையெழுத்திட்டிருக்கிறீர்களே என்று கேட்டிருந்தார்கள். அந்தக் காகிதத்தைக் கசக்கி எறிந்தேன். வேறென்ன செய்ய?

அன்றைக்கே மழை. பெரிய மழைகூட இல்லை, ஒரு மணி நேரம். பச்சைச் சாலை மொத்தத் தெருவின் தண்ணீரையும் வழித்துக்கொண்டுபோய் அக்கா வீட்டில் கொட்டியிருந்தது. நான் ஓடிப்போனபோது சமையலறையில் கணுக்காலுக்கு மேல் கறுப்புத் தண்ணீர். அரிசி மூட்டை ஊறிப் பிரிந்து கிடந்தது. அவள் மகளின் பாடப் புத்தகங்கள் உப்பி மிதந்தன. அக்கா குனிந்து, பாத்திரத்தால் மொண்டு மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டிருந்தாள்.

நானும் ஒரு வாளியை எடுத்துக்கொண்டேன். பெயின்ட், விருது, கடிதம் எல்லாவற்றையும் கொட்டினேன். தலைமைப் பொறியாளரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவள் மொண்டு ஊற்றிக்கொண்டே இருந்தாள். நான் மூச்சு வாங்க நிறுத்திய பிறகுதான் நிமிர்ந்தாள்.

"தண்ணி வந்ததுக்கு எனக்குக் கோபம் இல்லடி. அது வருஷா வருஷம் வர்றதுதான். மழைக்கு முன்னாடியே எல்லாத்தையும் தூக்கிப் பரண்ல வச்சிடுவேன். இந்த வருஷம் வராதுன்னு நீ சொன்னே. அதான் ஒண்ணையும் எடுத்து வைக்கல."