நாற்பத்திரண்டாவது பெயர்

எங்கள் பெத்தியோ தீவில் உறவுக்காரர் 'புபூதி' என்று சொல்லி ஒன்றைக் கேட்டால் மறுக்கக் கூடாது. கேட்டது படகானாலும் சரி, பன்றியானாலும் சரி. மறுத்தால் குடும்பத்துக்கே தலைகுனிவு. இந்த வழக்கத்தைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தவள்தான் நானும்.

நான் காசநோய்ப் பிரிவில் நர்ஸ். யோதேபா மாமா ரத்தமாகத் துப்பியதும், அவரோடு ஒரே கூரையின் கீழ் படுத்தவர்களையெல்லாம் எழுதிச் சோதனைக்கு வரவழைப்பது என் வேலை. நாற்பத்திரண்டு பேர் தேறினார்கள்.

"உன் நோட்டைப் பாத்தாலே கோழிகூட ஓடுதுடி," என்று மாமா வீட்டிலேயே குடியிருக்கும் தெரேசியா அக்கா சிரித்தபடி வரவேற்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "புபூதி கேக்கறேன். பௌரினா பேரை எழுதாதே."

"உன் பொண்ணு இருமுறாளே அக்கா!"

"மீன் சுட்ட புகைடி. அடுத்த மாசம் நியூசிலாந்துல பழம் பறிக்கப் போறா. நோய்னு தெரிஞ்சா விடுவானா? எட்டு வயிறும் அவளைத்தான் நம்பியிருக்கு."

நான் எழுதவில்லை. என் இரண்டு வயதுப் பிரிபோவை, நான் இருமல் தேடி வீடு வீடாக அலையும்போது, இடுப்பில் சுமந்தவள் அந்தப் பௌரினாதான். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, தான் விழுமாம் கழுநீர்ப் பானையில் துள்ளி.

நாற்பத்தொரு பேரில் மூவருக்கு நோய் இருந்தது.

"மூணு பேருக்கா இவ்வளவு டீசல், இவ்வளவு ஆள்? இந்தத் தேடலே வீண். நிறுத்திடலாம்," என்றார் அதிகாரி. நான்காவது ஆள் எங்கே என்று எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை.

அடுத்த வாரம் பிரிபோவுக்குக் காய்ச்சல் வந்தது. காசநோய் மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். பதினோராம் நாள் புதைத்தோம். நான் கொன்றேன் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

எங்கள் வழக்கப்படி துக்கத்துக்குப் பாயோடு வந்த அக்கா என் மடியில் விழுந்து அழுதாள். பின்னால் பௌரினா, வாயைத் துணியால் பொத்தி இருமினாள்.

"அக்கா, இப்ப நான் புபூதி கேக்கறேன். பௌரினாவைச் சோதனைக்குக் கொடு."

அக்கா மகளின் கையைப் பிடித்து என் முன் உட்கார வைத்தாள்.

நோட்டைத் திறந்து நாற்பத்திரண்டாவது பெயரை எழுதினேன். எல்லோரிடமும் கேட்கும் அடுத்த கேள்வியை அவளிடமும் கேட்டாக வேண்டும்.

"தினமும் யார்கூட இருந்தே?"

அவள் அழுதாள். "பிரிபோகூட," என்றாள்.