நாலரை அங்குலம்

சுவர் அலமாரியில் விரித்திருந்த பழைய செய்தித்தாளை உருவிவிட்டுப் புதியதை விரித்துக்கொண்டிருந்தாள் மேகலா. பின்பக்கச் சுவருக்கு அப்பால் சமையலறையில் அவள் கணவன் டில்லிபாபு போனில் பேசுவது கேட்டது. "கம்ப்ரஸர்லாம் நல்லாத்தான் கீது சார். கேஸ் மட்டும் போட்டா ஜில்லுனு ஆயிடும்." ஒவ்வொரு சொல்லும் பக்கத்தில் நின்று பேசுவதுபோல் அவ்வளவு தெளிவாக வந்தது.

அவள் கையை உள்ளே நீட்டி அலமாரியின் முதுகை விரல் முட்டியால் தட்டினாள். பலகையைத் தட்டியதுபோல் சத்தம் வந்தது. அலமாரிக்கு வெளியே, அதே சுவரை ஒரு முழம் தள்ளித் தட்டினாள். சத்தம் இல்லை, விரல்தான் வலித்தது.

அவளுக்குத் தெரியாத சங்கதி இல்லை இது. பழைய வீடுகளில் ஒன்பது அங்குலச் சுவரைப் பாதி குடைந்துதான் அலமாரி வைப்பார்கள். அந்த இடத்தில் மட்டும் சுவர் நாலரை அங்குலம் நிற்கும். சிவில் என்ஜினியரிங் படித்த யாரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். ஆனால் இப்போது, கையில் கசங்கிய செய்தித்தாளோடு நிற்கும்போது, வேறொரு செய்தித்தாளின் ஓரம் அவள் கண்முன் வந்தது. யாரோ அனுப்பிய ஒரு படத்தில், அளவு நாடாவுக்கு அடியில் தெரிந்த ஓரம்.

மேகலாவுக்கு அடையாறில் ஒரு கட்டுமான அலுவலகத்தில் வேலை. அடுத்தவர் போட்ட வரைபடங்களைச் சரிபார்த்துத் திருப்பி அனுப்புவாள். அதில் அவள் பெயர் எங்கும் வராது. போன வருஷம் டில்லிபாபுதான் அந்த ஆலோசனை ஆப்பைக் கண்டுபிடித்தான். வீட்டில் விரிசல், ஒழுகல், சுவர் இடிப்பது, மாடி எடுப்பது என்று சந்தேகம் உள்ளவர்கள் வீடியோவில் என்ஜினியரிடம் கேட்கலாம். சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்து இரண்டு மூன்று பேருக்குப் பதில் சொன்னால் போதும், சொந்த வீட்டு அட்வான்ஸுக்குக் கொஞ்சம் சேரும். சாந்தோமில் அவர்கள் இருந்த வாடகை வீட்டில் ஒரு ஆணி அடிக்கக்கூட வீட்டுக்காரரைக் கேட்கவேண்டியிருந்தது. டில்லிபாபு, வீடியோவில் அவள் முகம் பளிச்சென்று தெரிய, வட்ட விளக்கு ஒன்றை வாங்கி வந்து ஜன்னல் கம்பியில் கட்டினான். அவள் பேசும் நேரத்தில் மிக்ஸி போடமாட்டான். "கன்சல்டன்ட் மேடம் பிஸி" என்று எதிர்வீட்டுப் பிள்ளைகளை அதட்டுவான். மேகலாவுக்குப் பணத்தைவிட, கேட்டவர்கள் ஆப்பில் போட்ட நட்சத்திரங்கள் பிடித்திருந்தன. முகம் தெரியாத மனிதர்கள் அவள் பெயரைச் சொல்லி நன்றி எழுதினார்கள். ஆபீஸில் எட்டு வருஷமாக யாரும் எழுதாத நன்றி.

ஆடி மாதம் பிறந்த வாரத்தில்தான் அந்தப் பெரியவர் வந்தார். திரையில் விஜயராகவன், மயிலாப்பூர் என்று மட்டும் இருந்தது. ஆப்பில் விலாசமும் போன் நம்பரும் காட்டமாட்டார்கள். வெள்ளை பனியனும் நெற்றியில் கலைந்த நாமமுமாக இருந்தார். போனைத் தாடைக்கு மிக அருகில் பிடித்திருந்தார்.

"ஆத்துக்காரி படுத்துண்டே இருக்கா மேடம். இடுப்பெலும்பு முறிஞ்சுடுத்து. ஹால்ல யார் வரா, யார் போறா ஒண்ணும் தெரியறதில்லை. நான் என்ன ஜெயில்லயா இருக்கேன்னு அழறா. நடுவுல இருக்கற இந்தச் சுவரை எடுத்துட்டா கட்டில்லேர்ந்தே வாசல் வரைக்கும் பார்ப்பாளோன்னோ?"

"யார்கிட்ட அசடு வழிஞ்சுண்டிருக்கேள்?" என்று உள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "பவுடர் போட்டுண்டேளா?"

"என்ஜினியர்டீ ஜெயலக்ஷ்மி! சித்த சும்மா இரு."

மேகலாவுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சமயத்தில் தலைக்கு மேலே தடதடவென்று ஓடும் சத்தம் கேட்டது. பின்னாலேயே ரயில் சத்தம். பெரியவர் கையைக் காட்டிப் பேச்சை நிறுத்திக் காத்திருந்தார்.

"பறக்கும் ரயில். அதோட சேர்ந்து மாடியில குடியிருக்கறவா குழந்தைகளும் பறக்கும். ரயில் வந்தாப் போறும், பால்கனிக்கு ஓடி எம்பி எம்பிக் குதிக்கறதுகள், கை காட்டறதுக்கு."

மேலே மாடி இருக்கிறது, ஆட்கள் இருக்கிறார்கள். அதைக் கேட்டுக்கொண்டுதான் மேகலா அடுத்த கேள்விக்குப் போனாள். கூரையை ஃபால்ஸ் சீலிங் மறைத்திருந்தது. அதனால் சுவரின் கனத்தை வைத்துத்தான் முடிவு சொல்ல முடியும். நாலரை அங்குலம் என்றால் வெறும் தடுப்பு, எடுத்துவிடலாம். ஒன்பது என்றால் அதுதான் மாடியைத் தாங்கிக்கொண்டிருக்கும், தொடக்கூடாது. சுவரில் சின்னதாக ஒரு துளை போட்டு, குச்சி விட்டு அளந்து சொல்லும்படி கேட்டாள்.

"ஐயையோ, ஆடியில சுவத்துல கை வைக்கப்படாதும்பா இவ. கேபிள்காரன் போட்ட ஓட்டை ஒண்ணு ஏற்கெனவே இருக்கு. அது போறுமா?"

"போதும் சார்."

போன் எங்கோ கவிழ்த்து வைக்கப்பட்டது. பாத்திரங்கள் நகரும் சத்தம் கேட்டது. அந்த இடைவெளியில் அடுத்து காத்திருந்தவருக்கு, ஐந்து நிமிடத்தில் வருவதாக மேகலா டைப் செய்துகொண்டிருந்தாள். பெரியவர் துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி, ஓட்டையில் விட்டு, சுவரோடு ஒடித்து, நாடாவின்மேல் வைத்துப் படம் அனுப்பினார். நாலரை. நாடாவுக்கு அடியில் செய்தித்தாள். மேஜையில் வைத்து எடுத்திருக்கிறார் என்று நினைத்தாள். "இது தடுப்புச் சுவர்தான். தாராளமாக எடுக்கலாம்" என்று எழுதி அனுப்பினாள்.

"ஆவணி பொறந்து மொதல் முகூர்த்தத்துல ஆரம்பிச்சுடறேன். உங்களுக்கு அஞ்சு ஸ்டார் நிச்சயம்" என்றார் அவர்.

இப்போது படுக்கையில் உட்கார்ந்து அந்தப் படத்தை விரித்துப் பார்த்தாள். செய்தித்தாளின் மேல் ஈரம் காயாத வட்டத் தடம் இருந்தது, பாத்திரம் வைத்த தடம். ஓரத்தில் ஒரு பித்தளைத் தூக்கின் கைப்பிடி. அது மேஜை இல்லை, அலமாரித் தட்டு. ஓட்டை அலமாரியின் முதுகில் இருந்திருக்கிறது. அவள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, பாத்திரங்களை நகர்த்தி அளந்திருக்கிறார்.

மெசேஜ் அனுப்பப் பார்த்தாள். உரையாடல் பூட்டப்பட்டிருந்தது. வாடிக்கையாளர் மறுபடி பதிவு செய்தால்தான் திறக்கும். உதவி மையத்துக்கு எழுதினாள். உயிர் ஆபத்து என்றே எழுதினாள். இரண்டு வேலை நாட்களுக்குள் தொடர்புகொள்வதாக, கூப்பிய கைகளின் சின்னப் படத்துடன் பதில் வந்தது. அங்கே கொடுத்திருந்த நம்பருக்குப் போன் செய்தாள். அது இசையை மட்டும் வாசித்துக்கொண்டே இருந்தது.

டில்லிபாபு கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். "இன்னா மேகலா, மூஞ்சி இப்டி வெளுத்துப்போய்க் கீது?"

சொன்னாள். அவன் முழுதாகக் கேட்டான். பிறகு எழுந்துபோய்ச் சுவரில் மாட்டியிருந்த தினசரிக் காலண்டரில் அன்றைய ஞாயிற்றுக்கிழமைத் தாளைத் தூக்கிப் பார்த்தான்.

"ஆவணில மொத முகூர்த்தம் நாளைக்குத்தான்" என்றான்.

"தெரியும்."

"மேஸ்திரி பாத்துட்டு வோணாம்னு சொல்ல மாட்டானா?"

"என்ஜினியரே சொல்லிட்டாங்கன்னு மெசேஜைக் காட்டுவார். அப்புறம் யார் சொல்லப்போறாங்க?"

"போலீஸாண்ட போலாமா?"

"எந்த வீடுன்னு கேப்பாங்க."

அவன் வண்டிச் சாவியை எடுத்தான். "ரயில் பால்கனிலேர்ந்து தெரியணும். பறக்கும் ரயில் போறதே கால்வா மேலதான், வூடும் அந்த ஓரமாத்தான் இருக்கும். நானே பாதி வூட்டுக்கு ஏசி மாட்டியிருக்கேன். வா, பாத்துடலாம்."

மந்தைவெளியிலிருந்து மயிலாப்பூர் வரை கால்வாயை ஒட்டிய தெருக்களில் ஒவ்வொன்றாக நுழைந்தார்கள். மேகலா பின்னால் உட்கார்ந்து பால்கனிகளை மட்டுமே பார்த்துவந்தாள். இத்தனை வருஷம் வீடுகளைக் காகிதத்தில் பார்த்தவள் அவள். இப்போது ஒவ்வொரு வீடும் ஒரு கனமாகத் தெரிந்தது. மாடியில் துணி உலர்த்தும் பெண், தொட்டிச் செடிகள், சின்டெக்ஸ் தண்ணீர்த் தொட்டி, எல்லாம் கீழே ஏதோ ஒரு சுவர்மேல் உட்கார்ந்திருந்தன. ஒரு முனையில் இஸ்திரி வண்டி நின்றது. சகினா என்ற அந்த நடுவயதுப் பெண்ணை டில்லிபாபுவுக்குத் தெரியும்.

"விஜயராகவனா? எந்த விஜயராகவன்? செட்டித் தெருப் பக்கம் ஒருத்தர் கீறார், ஆனா அவர் பிளாட்டு."

"வூட்டம்மா படுத்த படுக்கையா கீறாங்களா அக்கா?"

"அடப்போ நைனா! அந்தம்மா தெனம் பீச்சுல வாக்கிங் போவுது. உன்னவிட நல்லா நடக்கும்." பெட்டியைத் தூக்கி நிறுத்திவிட்டு மேகலாவின் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். "இன்னொரு அய்யங்கார் வூடு கீது, ரயிலாண்ட. பேரு தெரியாது. முன்னாடி வேட்டி குடுப்பாரு. அந்தம்மா விழுந்ததுலேர்ந்து குடுக்கறதில்ல. எந்தத் தெருன்னு கரெக்டா தெரியாதும்மா, அவரேதான் எடுத்தாந்து குடுப்பாரு."

விளக்குப் போடும் நேரம்வரை சுற்றினார்கள். இரண்டு வீடுகளில் கதவைத் தட்டித் தவறென்று மன்னிப்புக் கேட்டார்கள். மூன்றாவது வீட்டில் நாய் துரத்தியது. டில்லிபாபு, "நாய்க்கும் அஞ்சு ஸ்டார் குடுக்கலாம் போல" என்றான், அவளைச் சிரிக்கவைக்க. அவள் அவன் தோளில் நெற்றியை வைத்து அழுதாள். அவன் வண்டியை ஓரங்கட்டி, அவள் ஓயும்வரை நிறுத்திவைத்திருந்தான். "காலைல வெளிச்சம் வந்ததும் வந்துடலாம். சத்தம் கேக்கும் இல்ல? இடிக்கற சத்தம் மறைக்க முடியாது" என்றான். அவன் ஆறுதலாகத்தான் சொன்னான். அவளுக்கு மட்டும் இடிக்கும் சத்தம் என்ற சொல்லைக் கேட்கவே முடியவில்லை.

திங்கட்கிழமை விடிந்ததும் ரயில் பாலத்துக்கு அடியில் நின்றார்கள். பால் வண்டிகள் போயின. மூன்று தெருக்கள் அங்கே பிரிந்தன. எங்கும் சத்தம் இல்லை. ஒருவேளை பெரியவர் நாளைத் தள்ளிப்போட்டிருக்கலாம், மாமிக்கு உடம்பு முடியாமல் போயிருக்கலாம் என்றெல்லாம் நினைத்தாள். அடுத்தவர் உடம்பு முடியாமல் போகவேண்டும் என்று வேண்டிக்கொண்ட தன் மனத்தை நினைக்கக் கூச்சமாக இருந்தது. டில்லிபாபு ஒரு தம்ளரில் டீ வாங்கி வந்து அவள் கையில் திணித்தான். அவள் குடிக்கவில்லை, சூட்டுக்காகப் பிடித்திருந்தாள்.

போன் அதிர்ந்தது.

ஐந்து நட்சத்திரங்கள். கீழே தமிழில் நீளமாக எழுதியிருந்தார் விஜயராகவன். 'இன்று காலை நல்ல வேளையில் ஆரம்பித்தோம். அலமாரியின் பின்பக்கம் சுத்தியலின் நாலே அடியில் திறந்துவிட்டது. மாமிக்கு இப்போதே வாசல் தெரிகிறது. பக்கத்தில் சுவர் கனமாக இருக்கிறதே என்று மேஸ்திரி யோசித்தார். உங்கள் மெசேஜைக் காட்டினேன். உடனே வேலையைத் தொடர்ந்துவிட்டார். நீங்கள் நன்றாக இருக்கவேண்டும்.'

கூடவே ஒரு படம். சுவரில் ஜன்னல் அளவுக்கு ஓட்டை. அதற்கு அப்பால் கட்டிலில் சாய்ந்திருந்த ஒரு வயதான அம்மாள், முகமெல்லாம் சிரிப்பாக, வளையல் கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள். மேகலா அந்தக் கையைப் பார்க்கவில்லை. ஓட்டையின் மேல் மூலையிலிருந்து, தலைமயிர் விழுந்ததுபோல் ஒரு கோடு, சாய்வாகக் கூரைவரை போயிருந்தது.

பதில் எழுதும் இடத்தில் 'நிறுத்துங்கள், எல்லோரும் உடனே வெளியே வாருங்கள்' என்று எழுதினாள். அவசரத்தில் இரண்டு தடவை அழித்து எழுதவேண்டியிருந்தது. 'உங்கள் பதில் பரிசீலனையில் உள்ளது' என்று வந்தது.

அப்போதுதான் கேட்டது. தம், தம் என்று, எங்கோ உள்ளடங்கிய சத்தம்.

"எந்தப் பக்கம்?" என்றான் டில்லிபாபு.

"தெரியலையே!"

"நீ அந்தாண்ட போ, நான் இங்க பாக்கறேன்." தம்ளரை அவள் கையிலிருந்து பிடுங்கிக் கீழே வைத்துவிட்டு அவன் இடதுபுறத் தெருவுக்குள் ஓடினான். மேகலா வலதுபுறம் ஓடினாள். செருப்பு ஒன்று கழன்றது, விட்டுவிட்டாள். ஒவ்வொரு வாசலிலும் நின்று காதைக் கொடுத்தாள். சத்தம் ஒருமுறை பின்னால் கேட்டது, ஒருமுறை முன்னால். தெரு கடைசியில் திரும்பியதும், வாசற்படியில் செங்கல் தூள் படிந்த ஒரு கோணி கிடந்தது. கதவில் புதிதாகக் கட்டிய மாவிலை. உள்ளே சுத்தியல்.

அதே நேரம் பாலத்தின்மேல் ரயில் வந்தது. மாடியில் கதவு படாரென்று திறந்தது. பள்ளிக்கூடச் சீருடையில், தலை பாதி பின்னியபடி ஒரு பெண்ணும் அவளைவிடச் சின்னதாக ஒரு பையனும் பால்கனிக்கு ஓடிவந்து எம்பி எம்பிக் குதிக்கத் தொடங்கினார்கள்.

"குதிக்காதீங்க!" என்று மேகலா கத்தினாள். "குதிக்காதீங்கம்மா! கீழே வாங்க!"

ரயில் அவள் குரலை வாரிக்கொண்டு போனது. தெருவில் நின்று இரண்டு கையையும் தூக்கி ஆட்டும் ஓர் அக்காவைத்தான் அந்தக் குழந்தைகள் பார்த்தார்கள். அவர்களுக்கு அது பிடித்துப்போனது. ரயிலை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பி, பதிலுக்கு அவர்களும் கையை ஆட்டிக்கொண்டு, முன்னைவிட உயரமாகக் குதித்தார்கள்.