டம்மி யூபோனியம்

"மச்சான், ஊதாதீங்க. சும்மா வாயில வச்சிக்கிட்டு வாங்க, போதும்" என்று சொல்லி யூபோனியம் என்கிற பெரிய பித்தளைக் குழலை என் கையில் திணித்தான் எழிலன். என் தங்கை புருஷன். கடலூரில் எங்கள் பேண்ட் செட்டுக்கு அவன்தான் மாஸ்டர்.

மூன்று மாதத்துக்கு முன்புவரை முதல் ட்ரம்பெட் நான்தான். ஆலப்பாக்கம் வேகத்தடையில் பைக்கோடு விழுந்து முன்பல் இரண்டும் போயின. கட்டுப்பல்லின்மேல் ட்ரம்பெட்டை அழுத்தினால் உயிர் போகிறது. அதனால் சிதம்பரத்தில் நடக்கும் இந்த மாப்பிள்ளை அழைப்புக்கு என்னை டம்மியாக்கிவிட்டான்.

டம்மி என்றால், பன்னிரண்டு பேர் வருகிறோம் என்று கல்யாண வீட்டாரிடம் சொல்லிவிட்டு, எண்ணிக்கைக்காக இரண்டு பேருக்குச் சிவப்புக் கோட்டு மாட்டி நிறுத்துவது. என் பக்கத்தில் சாக்ஸபோனோடு நின்ற இளவரசு பகலில் இளநீர் வெட்டுகிறவன். ஊதத் தெரிந்த எங்களைவிட அழகாகக் கன்னத்தை உப்பவைப்பான். "அன்பு அண்ணே, வீடியோக்காரன் வர்றான், உப்புங்க" என்று எனக்குப் பாடம் வேறு நடத்தினான். பற்றிக்கொண்டு வந்தது. ஒரு தடவை டம்மியாக நின்றவனை மறுபடி யாரும் ஊதக் கூப்பிட்டதில்லை. இன்றைக்கு ஊதாமல் திரும்பினால் நானும் அவ்வளவுதான்.

காலையில் வேனில் ஏறுமுன் ஒரு தடவை ஊதிப் பார்த்திருந்தேன். விரல் வேலை ட்ரம்பெட் மாதிரியேதான், மூன்று பட்டன். ஆனால் வாய் வைத்து ஊதுகிற முனை பெரிது. பல்லை உறுத்தாமல் உதடு முழுக்க உள்ளே உட்கார்ந்துகொண்டது. அந்தச் சுகத்தில் ஊதினால் எருமை கத்தியது. எழிலன் சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஊர்வலம் தெற்கு வீதிக்குத் திரும்பும்போது மாப்பிள்ளையின் மாமா மணவாளன் குறுக்கே வந்து கையை உயர்த்தினார். பேண்ட் நின்றது.

"பன்னெண்டு பேருன்னு சொன்னீங்க. சத்தம் அப்படித் தெரியலியே. ஒவ்வொருத்தரா ஊதுங்க, பாப்போம்."

எழிலன் முகம் வெளிறிவிட்டது. அவர் நேராக எங்கள் கடைசி வரிசைக்கே வந்தார். இளவரசு மெல்ல என் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தான்.

"மொதல்ல நீங்க" என்றார் என்னிடம்.

பயத்தில் பழைய பழக்கம் வந்துவிட்டது. ட்ரம்பெட்டுக்கு இறுக்குகிற மாதிரி உதட்டை இறுக்கிவிட்டேன். வெறும் காற்றுதான் வந்தது. யாரோ சிரித்தார்கள். வீடியோ விளக்கு கண்ணைக் குத்தியது. இருபது வருஷம் ஊதின வாயாடா இது என்று என்னையே திட்டிக்கொண்டேன். அந்தக் கோபத்தில் மூச்சு பெரிதாக உள்ளே போனது. உதட்டைத் தளர்த்தி விட்டேன்.

வந்தது. கீழே, கனமாக, வயிற்றில் அதிர்கிற சத்தம். ட்ரம்பெட் ஊதும்போது சத்தம் என்னைவிட்டு ஓடிப்போகும். இது என்னோடேயே நின்றது. பேண்ட் பாதியில் விட்ட பாட்டின் முதல் வரியை ஊதி முடித்தேன். மணவாளன் தலையாட்டிவிட்டு இளவரசு பக்கம் திரும்பினார்.

நான் நிறுத்தவில்லை. இரண்டாம் வரிக்குப் போனேன், மூன்றாவதற்கும் போனேன். நிறுத்தினால் இளவரசு மாட்டுவான், செட்டின் மானம் போகும். எழிலனை முறைத்தேன். புரிந்துகொண்டு கையைச் சுழற்றினான். டிரம் அடி விழுந்தது, எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள், பின்னாலிருந்த பெண்கள் ஆட ஆரம்பித்தார்கள். மணவாளனைக் கூட்டம் தள்ளிக்கொண்டு போய்விட்டது.

மண்டப வாசலில் உதடு மரத்துப்போய் நின்றேன். எழிலன் போனைக் காதிலிருந்து எடுத்தபடி வந்தான். மன்னிப்புக் கேட்பான் என்று விறைப்பாக இருந்தேன்.

"திட்டக்குடியில ஒரு பெரிய சாவு, மச்சான். நாளைக்கு எடுக்குறாங்க. மெதுவா போற பாட்டுதான் வேணுமாம். நீங்கதான் முன்னால நின்னு எடுத்துக் குடுக்கணும்."

முன்பின் தெரியாத ஒருவர் செத்துப்போனதற்காக, நடுத்தெருவில் நின்று அவ்வளவு சந்தோஷப்பட்டேன்.