சோப்பு விளம்பரத்துக் குழந்தை

தையற்காரருக்கு அச்சு பிளாக் என்றால் பைத்தியம். பழைய விளம்பரங்களை அச்சடித்த, மரக்கட்டையில் ஆணியடித்த உலோகத் தகடுகள். பல்பொடி, குடை, தைலம், சைக்கிள் என்று வெட்டுமேசைக்கு அடியில் நாலு தகரப்பெட்டி நிறைய. "துணி வைக்க இடமில்ல, இந்தக் கண்றாவி எதுக்கு?" என்று வீட்டுக்காரி கத்தாத நாளில்லை. ஆனால் அந்த மனுஷர் பன்னிரண்டு வருஷமாக நாயாய் அலைவது ஒரே ஒரு பிளாக்குக்காகத்தான் என்று அவளுக்கும் தெரியும்.

அவருடைய அக்காவின் மகள் நாலு வயதில் ஒரு சோப்பு விளம்பரத்துக்குச் சிரித்துக் கொடுத்தவள். ஆறு வயதில் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். அடுத்த வருஷமே வீடு தீப்பிடித்து, இருந்த போட்டோவெல்லாம் சாம்பல். சோப்புக் கம்பெனியும் மூடிவிட்டது; ஒரு நோட்டீஸ்கூட மிச்சமில்லை. பிள்ளையின் முகம் எங்காவது இருக்கிறதென்றால் அந்தத் தகட்டில்தான்.

கிடைத்தேவிட்டது! பழைய இரும்புக்கடை மூலையில், காய்ந்த மை அப்பிப் பழுப்பேறிக் கிடந்தது. சோப்பின் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்ததும் மனுஷருக்குத் தலைகால் புரியவில்லை.

"அப்படியே மை தடவி ஒரு காப்பி எடுத்துருங்க. கழுவுறதெல்லாம் அப்புறம்," என்றார் கடைக்காரர்.

கேட்டாரா? அழுக்குப் பிளாக்கில் மை தொடமாட்டேன் என்று அப்படியொரு வீம்பு. அக்கா பார்க்கும் முதல் காப்பி பளிச்சென்று இருக்க வேண்டுமாம். பழுப்பைப் பார்த்துச் செம்பு என்று அவராகவே முடிவுகட்டினார். செம்புத் தகடுகளை ஊறவைக்கும் அதே ஆசிட் தண்ணீரில் போட்டுவிட்டு, "சாயங்காலம் வாக்கா, என்னன்னு மட்டும் கேக்காத," என்று போன் செய்தார். ஒரு கோட்டுக்குப் பித்தான் தைத்து நிமிர்ந்தால், தட்டு முழுக்க நுரை பொங்கிக்கொண்டிருந்தது.

தகடு துத்தநாகம். செம்பைத் துலக்கும் ஆசிட் துத்தநாகத்தைத் தின்றுவிடும். எழுத்துகள் தடிமன், தப்பின. முகமோ பொடிப்பொடிப் புள்ளிகளால் ஆனது. முதலில் போனது அதுதான். காப்பி எடுத்தார். சோப்பின் பெயர் கறுப்பாக விழுந்தது. அதற்கு மேலே வெறும் வெள்ளை. வாய்விட்டு அழுதார்.

அக்கா வர ஒரு மணி நேரம்கூட இல்லை. பெட்டிகளைக் கவிழ்த்தார். ஏதோ பால்மாவு விளம்பரத்தில் நாலு வயசுப் பெண் ஒருத்தி சிரித்துக்கொண்டிருந்தாள். எழுத்தைக் காகிதத்தால் மறைத்து, முகத்தை மட்டும் அச்செடுத்தார். கோழைப் பயல், வேறென்ன சொல்ல!

அக்கா முக்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள்.

"கன்னம் இப்படியாடா இருந்துச்சு?"

"ஆமாக்கா."

"மூக்கு இவ்வளவு நீளமா?"

"பழைய பிளாக்குல்ல, அப்படித்தான் விழும்."

அவள் காகிதத்தை மடியில் வைத்தாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டாள். "பாவி நான், பெத்த பிள்ள முகத்தையே மறந்துட்டேனேடா. இத்தனை வருஷமா வேற எந்தப் பிள்ளையையோ நெனச்சுல்ல அழுதிருக்கேன்!"

அவர் வெறும் வெள்ளை விழுந்த காப்பியைக் காலால் மேசைக்கடியில் தள்ளினார்.

அக்கா ஈரம் காயாத காகிதத்தை முகத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். "தப்புதான்டி கண்ணு," என்றாள். "இனிமே உன்னை மறக்கவே மாட்டேன்."