கிளிகளுக்கு அடியில் ஒரு கையெழுத்து

நான் கத்தியது எங்கள் பிரஸ்ஸில் மெஷின் ஓட்டுகிற சிவபாண்டி அண்ணனுக்குக் கேட்கவில்லை. அச்சு மெஷின் ஓடும்போது பக்கத்தில் நின்று பேசினாலே காதில் விழாது. ஓடிப்போய் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். திரும்பி என் முகத்தைப் பார்த்தவர் உடனே சிவப்புப் பொத்தானை அமுக்கினார். அதற்குள் அடுக்கின் மேலே இருந்த தாள்கள் எல்லாம் மெஷினுக்குள் போய், அந்தப் பக்கமாக வெளியே வந்து விழுந்துவிட்டன. அம்மாவின் தாளும் அதில்தான் இருந்தது.

ஹர்ஷினி, நீ தூங்கியிருப்பாய். எழுந்திருக்கும்போது படித்தால் போதும். யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது போலிருக்கிறது. அம்மாவுக்கு இன்னும் எதுவும் தெரியாது.

மதியம் உனக்கு ஒரு போட்டோ அனுப்பினேன் அல்லவா, பெரிய வெள்ளைத் தாளில் ஒரு கையெழுத்து? அதைப் பற்றித்தான் சொல்கிறேன். விருதுநகரில் அப்பாவின் சிநேகிதர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தோம். சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தால், மண்டப வாசலில் ஒரு கார் பக்கத்தில் பாடகி லட்சுமிகாந்தம் நிற்கிறார். மாப்பிள்ளை வீட்டுக்கு ஏதோ சொந்தமாம். வருவார் என்று யாருக்கும் தெரியாது. நம் வயசுப் பிள்ளைகள் யாரும் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்தியது.

அம்மாவுக்குக் கையெழுத்து வாங்குகிற பழக்கம் உண்டு என்று உனக்குச் சொல்லியிருக்கிறேனா? காலேஜ் படிக்கும்போது ஆரம்பித்தது. ஒரு நோட்டு வைத்திருக்கிறாள். செய்தி வாசிக்கிறவர், வாலிபால் ஆடுகிற ஒரு அக்கா, மதுரை பஸ் ஸ்டாண்டில் பார்த்த காமெடி நடிகர், இப்படி இருபது பேர்கூட இருக்கமாட்டார்கள். அந்தக் காமெடி நடிகர் பஸ் கிளம்பிவிடும் என்ற அவசரத்தில் இனிஷியலை மட்டும் போட்டுவிட்டு ஓடிவிட்டாராம். அந்தப் பக்கத்தைத்தான் அம்மா அடிக்கடி புரட்டிச் சிரிப்பாள். அப்பா கேலி செய்வார், இதையெல்லாம் வச்சுப் பேங்குல போட்டு மாத்தப் போறியா என்று. அம்மா பதில் சொல்லமாட்டாள்.

இந்தக் காலத்தில் செல்ஃபி எடுத்துக்கொள்ளாமல் ஏன் இப்படி என்று நான் ஒருதரம் கேட்டேன். அதற்கு மட்டும் பதில் சொன்னாள்.

"போட்டோ எடுக்கையில அவுக கேமராவத்தான் பாப்பாக. கையெழுத்துன்னா நம்ம பேரக் கேக்கணும், குனிஞ்சு எழுதணும். அந்த ஒரு நிமிசம் அவுக கை நமக்கு மட்டுந்தான்."

அம்மா சமைக்கும்போது லட்சுமிகாந்தத்தின் பாட்டைத்தான் முணுமுணுப்பாள். அவர் கையெழுத்துக்காக மதுரைக் கச்சேரிக்குப் போய், கூட்டத்தில் கிட்டவே நெருங்க முடியாமல் திரும்பி வந்திருக்கிறாள். இன்றைக்கு அவர் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறார், நோட்டு வீட்டில் இருக்கிறது. நான் எங்கள் காருக்கு ஓடினேன். டிக்கியில், ஆர்டர் கொடுக்கிற பார்ட்டிக்குக் காட்டுவதற்காக அப்பா வைத்திருந்த, எங்கள் பிரஸ்ஸில் அடித்த மத்தாப்பு லேபிள் ஷீட்டுகள் கிடந்தன. ஒரு பக்கம் அச்சு, மறுபக்கம் வெள்ளை. வெட்டாத முழுத்தாள் என்பதால் விரித்தால் ஒரு சின்ன மேசை அளவு இருக்கும். அதில் ஒன்றை உருவி, மொய் எழுதுகிற இடத்தில் ஒரு நீல மார்க்கர் பேனாவையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

தாளின் அளவைப் பார்த்து லட்சுமிகாந்தம் சிரித்துவிட்டார். இவ்வளவு பெரிய தாளுக்குச் சின்னதாகப் போட்டால் நன்றாக இருக்காதே என்று கார் முன்பக்கம் அதை விரித்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, யாருக்கு என்று கேட்டார். அம்மாவுக்குப் பேச்சு வரவில்லை. உதடு மட்டும் அசைகிறது. நான்தான் சொன்னேன், கற்பகவல்லி என்று. எங்கள் தெருவில் அம்மாவை முழுப்பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. வல்லி, இல்லையென்றால் செந்தூர்பாண்டி சம்சாரம். அவர் ஒவ்வொரு எழுத்தாக நிதானமாக எழுதினார். 'கற்பகவல்லிக்கு அன்புடன்' என்று எழுதி, கீழே கையெழுத்து. கட்டைவிரல் பட்டு 'ல்' கொஞ்சம் தீற்றிக்கொண்டது. ஐயோ என்றார். பரவாயில்லை என்று அம்மா தலையை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

திரும்பும் வழியில் ஆமத்தூரில் சித்தி வீட்டுக் குழந்தையைப் பார்க்க அம்மா இறங்கிக்கொண்டாள், சாயங்காலம் பஸ்ஸில் வருவதாகச் சொல்லி. இறங்கும்போது தாளை என் மடியில் வைத்தாள். மடக்கினால் எழுத்து மேலேயே மடிப்பு விழும், கையிலேயே வைத்துக்கொள் என்றாள். அப்பாவும் நானும் நேராகப் பிரஸ்ஸுக்குப் போனோம். தாயில்பட்டிப் பட்டாசுக் கம்பெனி ஒன்றின் தரைச்சக்கர லேபிள், அவசர ஆர்டர்.

நீ எங்கள் பிரஸ்ஸுக்கு வந்ததில்லை. புது ஆர்டர் ஓட்டுவதற்கு முன்னால், கலர் சரியாக விழுகிறதா என்று பழைய தாள்களைத்தான் முதலில் மெஷினில் விடுவார்கள். வேஸ்ட் ஷீட் என்று ஒரு அடுக்கு எப்போதும் மெஷின் பக்கத்தில் இருக்கும். ஒரே தாளை நாலைந்து தடவைகூட ஓட்டுவார்கள். ராக்கெட் மேல் பூச்சட்டி, பூச்சட்டி மேல் சாட்டை என்று பட்டாசுப் படம் மேல் படமாக இருக்கும். சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். எனக்கு இது தெரியாதது இல்லை.

ஆனாலும் வைத்தேன். லேபிளில் எழுத்துப்பிழை இருக்கிறதா பார் என்று அப்பா கூப்பிட்டார். அவ்வளவு பெரிய தாளைக் கையில் பிடித்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார முடியாது. மடங்காமல் வைக்கச் சமமான இடம் தேடினேன். அந்தக் கட்டடத்தில் அந்த அடுக்கைவிடச் சமமான இடம் கிடையாது. இரண்டு நிமிஷம்தானே என்று நினைத்தேன். மெஷின் சத்தம் மாறியபோதுதான் நிமிர்ந்தேன்.

வெளியே விழுந்த தாள்களை நானும் சிவபாண்டி அண்ணனும் ஒவ்வொன்றாகப் புரட்டினோம். கிடைத்தது. ஒரு ஷீட்டுக்குப் பதினாறு லேபிள், லேபிளுக்கு ஒரு பச்சைக் கிளி, அந்தக் கம்பெனியின் மார்க். கையெழுத்தின் மேல் கிளிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. இரண்டு லேபிள்களுக்கு நடுவே உள்ள வெள்ளை இடுக்கில் 'வல்லி' மட்டும் பாதி தெரிந்தது. நான் விரலை வைக்கப் போனேன். அண்ணன் என் கையைத் தட்டிவிட்டார்.

"தொடாத பாப்பா. மை காயல. தொடச்சா அடியில உள்ளதும் சேந்து போயிரும்." அப்புறம் அந்த அடுக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "வெள்ளப் பக்கம் மேல கெடந்துச்சு, எழுத்தக் கவனிக்காம எடுத்துவிட்டேன். அக்கா கிட்ட நான் என்னன்னு சொல்வேன்?"

அவர்மேல் ஒரு தப்பும் இல்லை என்று சொல்ல நினைத்தேன். அழுகைதான் வந்தது.

அப்பா தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. முகம் வெளிறிப்போயிருந்தது. அப்பாவுக்கும் அம்மாவிடம் பயம் உண்டு என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கோபத்துக்குப் பயப்படவில்லை, அம்மா எதுவும் சொல்லாமல் உள்ளே போய்விடுவாளே, அதற்கு. பிறகு, போனில் போட்டோ எடுத்தாயா என்று கேட்டார். எடுத்தேன் என்றதும் அவருக்கு உயிர் வந்தது.

"அப்புறம் என்ன, அழுதுக்கிட்டு நிக்க? நம்ம தொழிலே அதுதான. பிரிண்ட் போட்டாப் போச்சு."

"அது அவுக எழுதுனது இல்லையேப்பா."

"பாத்தா தெரியாது பாப்பா. அம்மா ராத்திரி நிம்மதியாத் தூங்கட்டும்."

டிசைன் பார்க்கிற விக்னேஷ்குமார் அண்ணன் போட்டோவைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். தாளின் ஓரத்தில் அம்மாவின் வளையல் நிழல் விழுந்திருந்தது. அதை அழித்தார். தீற்றலையும் சரிசெய்யட்டுமா என்று கேட்டார். வேண்டாம், அது இருக்கணும் என்றேன். அதைச் சொன்னது நான்தான் ஹர்ஷினி. அழுகையை நிறுத்திவிட்டு, நீலம் இன்னும் கொஞ்சம் அடர்த்தி, 'க'வின் சுழி இன்னும் மேலே என்று அவருக்குப் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தேன். அதே மத்தாப்பு ஷீட் இன்னொன்றின் வெள்ளைப் பக்கத்தில், டிஜிட்டல் மெஷினில் அடித்தார்கள். வந்ததைப் பார்த்து எனக்கே பயமாகிவிட்டது. அப்படியே இருந்தது.

போன தீபாவளிக்கு யாரோ ஒரு பெரிய நடிகரின் போட்டோவை, கையெழுத்தோடு, அம்மாவிடம் கொடுத்தார்கள். அம்மா வாங்கிப் பார்த்துவிட்டு, இது மெஷின் போட்டதுங்க, பிள்ளைகள் யாருக்காவது குடுங்க என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். அந்தப் போட்டோ வீடு வரும் வழியெல்லாம் என் கண் முன்னாலேயே நின்றது.

ஆறு மணிக்கு மேல் அம்மா வந்தாள். சேலைகூட மாற்றவில்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் தாளைத் தொட்டாள். கட்டில்மேல் விரித்து, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்பா வாசலில் நின்று, யாரும் கூப்பிடாத போனைக் காதில் வைத்துக்கொண்டு லோடு எப்போது கிளம்பும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்னங்க, வீடு பூரா மை வாசனையா இருக்கு?" என்றாள் அம்மா.

"எஞ் சட்டையா இருக்கும்," என்றார் அப்பா, போனைக் காதிலிருந்து எடுக்காமலே.

அம்மா பிறகு பேனா எடுத்தாள். ஒவ்வொரு கையெழுத்துக்குக் கீழேயும் என்றைக்கு, எங்கே, கூட யார் இருந்தார்கள் என்று எழுதிவைப்பது அவள் வழக்கம். வழுவழுப்பான தாளில் பேனா பிடிக்கவில்லை. ஊதிவிட்டு, அழுத்தி, மறுபடி எழுதினாள். தேதி எழுதி, விருதுநகர் என்று எழுதி, அதற்குக் கீழே எழுதினாள்: 'என் மகள் சுகிர்தா ஓடிப்போய்த் தாள் கொண்டுவந்தாள். என் பெயரை முழுதாகச் சொன்னாள்.'

எழுதி முடித்து என்னைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தாள்.

"எத்தனையோ பேருகிட்டப் போய் நின்னுருக்கேன். எம் பேரு எனக்கே மறந்துபோனது இன்னைக்குத்தான். நீ மட்டும் இல்லைன்னா வெறுங்கையோடதான் வந்திருப்பேன்டி."

நான் அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டேன். இப்போது சொல்லிவிடு, இப்போது சொல்லிவிடு என்று உள்ளே அடித்துக்கொண்டது. அம்மா என் தலையைத் தடவிக்கொண்டே லட்சுமிகாந்தத்தின் ஒரு பாட்டை முணுமுணுக்க ஆரம்பித்தாள். நான் கண்ணை மூடி அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஃபிரேம் போடக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் படுத்தாள். நோட்டில் அடங்காதாம், சுவரில்தான் மாட்ட வேண்டுமாம். நாளைக்கு ஆலங்குளத்திலிருந்து மாமா வருகிறார், அவர் கையோடு கொடுத்தனுப்புவாளாம். கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டிவிட்டால் அப்புறம் தினமும் அதைப் பார்த்தபடிதான் நான் சாப்பிடணும், படிக்கணும். அப்புறம் என்னால் எந்தக் காலத்திலும் சொல்ல முடியாது.

கிளி விழுந்த தாள் இப்போது என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. எரித்துவிடு என்று அப்பா சொன்னார். அவரால் பார்க்க முடியவில்லை, அதனால் சொன்னார். என்னால் முடியவில்லை. லட்சுமிகாந்தம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, குனிந்து, அம்மாவுக்காகச் செலவழித்த அந்த ஒரு நிமிஷம் கிளிகளுக்கு அடியில்தான் இருக்கிறது. ஆனால் அம்மா என்னைப் பற்றி எழுதியது நாங்கள் அடித்த தாளில் இருக்கிறது, அவள் கையாலேயே, பேனாவை அழுத்தி எழுதியது. உண்மையைச் சொன்னால் அந்த இரண்டு வரியும் பொய்த்தாளின் மேல் எழுதியதாகிவிடும்.

பக்கத்து அறையில் அம்மா புரண்டு படுக்கும் சத்தம் கேட்கிறது. அவள் எழுந்ததும் கிளித் தாளை எடுத்துக்கொண்டுபோய் அவள் மடியில் வைத்துவிடலாம் என்று இருக்கிறது. உடனே பயமாகவும் இருக்கிறது. இரண்டு தாளையும் கட்டிலில் பக்கம் பக்கமாக விரித்தால், ஹர்ஷினி, எங்கள் அம்மா எதை எடுத்துச் சுவரில் மாட்டுவாள்?