தோளில் ஒரு கை

இடித்துப்போட்ட ஏலக்காய்க் கூடத்தின் பலகைகளை இழைத்து ஜோதி ஆறு படச்சட்டங்கள் செய்திருந்தாள். எந்த வரலாற்றிலும் பெயர் வராத ஆறு மலைப் பெண்களுக்காக. கூலி கேட்டு எஸ்டேட் முதலாளியின் ஜீப்பை மறித்தவள், தொழிலாளர் குடியிருக்கும் லயன் வீடுகளில் நூறு பிரசவம் பார்த்தவள் என்று ஊர் ஊராக விசாரித்துச் சேர்த்த படங்கள். அவர்களில் உயிரோடிருப்பவள் சுருளியம்மாள் ஒருத்திதான். மண் சரிந்த வருடம், வெள்ளம் புரண்ட ஓடையின் குறுக்கே கயிறு கட்டி முப்பது பேரைக் கரையேற்றியவள். அவளுக்குப் பிடிக்காவிட்டால் படத்தை இறக்கிவிடுவதாக ஜோதி வாக்குக் கொடுத்திருந்தாள்.

கண்காட்சியன்று காலையில் சுருளியம்மாள் மலையிலிருந்து வந்து இறங்கினாள். முன்னால் போன மகன் கன்னையன் மண்டபம் அதிரக் கத்தினான். ஜோதியின் அண்ணன் விஜயபாண்டி, சட்டம் போட்ட படம் என்றதும் கை போன போக்கில் ஆறுக்கும் சந்தனப் பொட்டு வைத்து மாலை போட்டிருந்தான்.

“எங்காத்தா குத்துக்கல்லாட்டம் நிக்கிறா, அதுக்குள்ள அனுப்பி வச்சுட்டீகளே!”

“பழக்க தோசம்ணே,” என்று விஜயபாண்டி மாலையைக் கழற்ற ஓடினான்.

“கெடக்கட்டும்டா. செத்தபெறகு போட்டா நானா பாக்கப் போறேன்?” என்று சிரித்தபடி படத்தை நெருங்கிய சுருளியம்மாளின் முகம் மாறியது.

“ஏத்தா, என் தோள் மேல ஒரு கை இருக்கே, கைக்காரி எங்க?”

சட்டத்துக்குக் கிடைத்த பலகை குட்டை. படத்தில் இருந்த இன்னொருத்தியை ஜோதிதான் வெட்டியெடுத்திருந்தாள்.

“அது பொன்னுமணி. கயித்தக் கட்டுனதுதான் நானு. அக்கரையில கட்ட மரம் இல்ல. அவ இடுப்புல சுத்திக்கிட்டு மரமா நின்னா. கடைசி ஆளு ஏறுற வரைக்கும் அசையல. அவ இல்லாத படத்துல எனக்கென்ன சோலி? எறக்கு.”

ஊரெல்லாம் தேடி ஆறு பேரைக் கண்டுபிடித்தவள், ஏழாவது ஆளைத் தன் கத்தரிக்கோலாலேயே வெளியே தள்ளியிருக்கிறாள். ஜோதி படத்தை இறக்கினாள். வெட்டிய பாதி கைப்பையில் பத்திரமாக இருந்தது. அகலமான சட்டத்துக்குத்தான் பலகை இல்லை.

“அண்ணே, வாசல்ல மாட்டுன பேர்ப்பலகையக் கழட்டிக் கொண்டா.”

“அப்ப கண்காட்சிக்குப் பேரு?”

“பேரு கெடக்குது. ரம்பத்தையும் எடுத்துட்டு வா, வெரசா.”

சுருளியம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“பாத்து ஒட்டுத்தா. அவளுக்கு முன்பல்லு கொஞ்சம் தூக்கலா இருக்கும். சிரிச்சா அம்புட்டு அழகு.”