தீவனக் கடைப் பல்லியின் வாக்கு

வில்லியனூர் மார்க்கெட்டில் அரங்கநாதனின் மாட்டுத்தீவனக் கடையில் இருந்த பல்லி, செத்துப்போன பிறகுதான் உண்மை சொல்லத் தொடங்கியது. உயிரோடு இருந்தவரை அது மற்றப் பல்லிகளைப் போலக் கண்டதற்கெல்லாம் கத்தும். புண்ணாக்கு விலையைச் சொன்னாலும் கத்தும், யாராவது தும்மினாலும் கத்தும். பெரும் புயல் வந்த வருஷம், தண்ணீர் உள்ளே ஏறிவிடப் போகிறது என்ற அவசரத்தில் அரங்கநாதன் ஷட்டரை இழுத்துவிட்டபோது அது அடியில் மாட்டி நசுங்கியது. வெள்ளம் வடிந்து கடை திறந்த அன்று அவர் அதை ஓர் அட்டைத் துண்டால் வழித்து வாய்க்காலில் போட்டார். பக்கத்துப் பூக்கடைக் காசம்மாள் அதைக் கண்ணால் பார்த்தாள். பல்லி சந்தேகமில்லாமல் செத்தது என்பதற்கு இன்றுவரை அவள்தான் சாட்சி.

அது குடியிருந்த இடம், கல்லாவுக்கு மேலே மாட்டியிருந்த மூன்றாவது படத்தின் பின்புறம். முதல் இரண்டு படங்கள் அரங்கநாதனின் அப்பா, அம்மா. மூன்றாவது அவருடைய தங்கை கோகிலா. மூன்றுக்கும் சிவப்புச் சீரியல் பல்பு எரியும், வெள்ளிக்கிழமை தோறும் புது மாலை விழும். ஆனால் கோகிலா சாகவில்லை. பாகூரில் நான்கு எருமைகள் வைத்துப் பால் ஊற்றிக்கொண்டிருந்தாள். இருபது வயதில் அவள் கரிக்கலாம்பாக்கத்துக் காலனிப் பையன், டைல்ஸ் ஒட்டும் அன்புராஜைக் கட்டிக்கொண்டு போனாள். வீட்டில் அவளுக்குத் தலைமுழுகினார்கள். குளத்தில் இறங்கி முதலில் தலைமுழுகியவர் அரங்கநாதன். கருமாதிச் சாப்பாடு போட்டவரும், கல்யாணப் போட்டோ எடுக்கச் சந்தர்ப்பம் தராத தங்கையின் பள்ளிக்கூடப் போட்டோவைப் பெரிசாக்கி மாலை போட்டவரும் அவர்தான். அன்புராஜை ஆள் வைத்து அடித்ததும் அவர்தான் என்று ஊர் சொன்னது. அவர் மறுக்கவில்லை. பதினெட்டு வருஷமாகக் கோகிலா எருமைகளுக்கான தவிட்டை வேறு கடையில்தான் வாங்கினாள்.

புயலுக்கு அடுத்த வாரம் ஒரு மத்தியானம், கடையில் யாரும் இல்லாத நேரம், அரங்கநாதன் தன் வீங்கிய கால்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரத்தப் பரிசோதனையின் முடிவு காலையில்தான் வந்திருந்தது. "எனக்குப் பயமா இருக்குது" என்று வாய்விட்டுச் சொன்னார். சுவரில் பல்லி மூன்று முறை சொல்லியது. பழக்கதோஷத்தில் அவர் விரலால் மேஜையைத் தட்டினார். தட்டிய பிறகுதான் பல்லி செத்தது ஞாபகம் வந்தது.

அதன் சட்டதிட்டம் பிடிபடக் கொஞ்ச நாள் ஆயிற்று. அடுத்தவரைப் பற்றிச் சொன்னால் அது கேட்காது. நாளைக்கு மழை வருமா, பெண்ணுக்கு வரன் அமையுமா என்பதெல்லாம் அதற்குத் தேவையில்லை. ஓர் ஆள் எதிரே நின்று தன்னைப் பற்றித் தானே ஒரு பேச்சுப் பேச வேண்டும். அது மெய்யென்றால் மூன்று முறை சொல்லும், பொய்யென்றால் மௌனம். பால்காரர்கள் வந்து தண்ணீர் கலப்பதில்லை என்றார்கள், மௌனம். வார்டில் நிற்க ஆசைப்பட்ட ஒருவர் தான் மக்களுக்காகவே வாழ்வதாகச் சொல்லிவிட்டுச் சாயங்காலம் வரை காத்திருந்தார். மடுகரையிலிருந்து பஸ் ஏறி வந்த ஒரு பெண், "எனக்கு எம் புள்ளைங்க மேல ஆசையே வரல" என்று சொன்னாள். மூன்று முறை சத்தம் கேட்டது. அவள் அழுவாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவள் ஒரு டீ வாங்கிக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போனாள். முதலில் வேடிக்கைக்கு வந்த கூட்டம் மெல்லக் குறைந்தது. நம்மைப் பற்றி நமக்கே தெரியாத சங்கதி மார்க்கெட்டில் நாலு பேர் எதிரே தெரியவருவது யாருக்குத்தான் பிடிக்கும்? வியாபாரிகள் சங்கம் செலவு போட்டுக் கொத்தனாரை வைத்துச் சுவரைப் பூசியது. சிமெண்ட் காய்வதற்கு முன்பே உள்ளிருந்து சத்தம் வந்தது. படத்தை மறுபடி அதே ஆணியில் மாட்டினார்கள்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா ராஜ்மோகன் ஒருவர்தான் இதற்கு ஆச்சரியப்படவில்லை. கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அவர் சொன்னார்: "கிரேக்க தேசத்துல இப்டி ஒண்ணு இருந்திச்சிபா. மலை மேல கோயிலு. பாறை வெடிப்புல பொகை வரும், அது மேல முக்காலி போட்டு ஒரு பொம்பள ஒக்காந்துக்கினு வாக்கு சொல்லும். வாசல்லயே எழுதி வச்சிருந்தான், மொதல்ல உன்ன நீ தெரிஞ்சிக்கன்னு. அத எவன் படிச்சான்? ராஜாவுங்கல்லாம் வந்து கேட்டாங்க. பதிலு சரியாத்தான் வந்திச்சி. தனக்குத் தோதா அர்த்தம் பண்ணிக்கினு போயி நாசமாப் போனாங்க." தீவனம் வாங்க வந்தவர்கள் தலையாட்டிவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அரங்கநாதனின் இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டன. வாரத்துக்கு மூன்று தடவை பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு, வெளுத்த முகத்தோடு திரும்பிக் கல்லாவில் உட்காருவார். வருஷம் ஒன்று போனது. கையில் ஊசி குத்த இடமில்லாமல் போனது. உறவில் யாராவது ஒரு சிறுநீரகம் கொடுத்தால் பிழைக்கலாம், தள்ளிப்போட வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். மனைவி விசாலாட்சிக்குச் சர்க்கரை, அவளால் முடியாது. மகள் யாமினிக்கு வயது பத்தவில்லை. அண்ணன் செந்தில்நாதனும் தம்பி சுரேஷும் இருந்தார்கள், இருவருக்கும் ரத்தம் பொருந்தியது. கேட்ட மாத்திரத்தில் இருவரும் தருவதாகச் சொன்னார்கள். விசாலாட்சி அதோடு நிறுத்தியிருக்கலாம். அவள் இருவரையும் கடைக்கு அழைத்துவந்து சுவருக்கு எதிரே நிற்கவைத்தாள்.

"எந் தம்பிக்கு நான் குடுக்கறேன்" என்றார் செந்தில்நாதன். மௌனம். குரலை உயர்த்திச் சொன்னார். கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டுவிட்டுச் சொன்னார். பிறகு தீவன மூட்டை மேல் உட்கார்ந்து ஓவென்று அழுதார். அந்த நிமிஷம் வரை அவர் தருவதாகவே நம்பியிருந்தார், அதில் பொய்யில்லை. சுரேஷுக்கும் மௌனமே வந்தது. அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "செத்துப்போன பல்லி இன்னாத்த சொல்றது? நான் குடுக்கத்தான் போறேன்" என்று கத்தினான். சொன்னபடி ஆஸ்பத்திரிக்கு நடந்தான், எல்லாச் சோதனையும் செய்துகொண்டான். சேரச் சொன்ன நாளன்று போனை அணைத்துவிட்டுத் திருப்பூருக்குப் போய்விட்டான். விசாலாட்சி ஒருநாள் தானே சுவருக்கு எதிரே போய் நின்றாள். "எனக்குச் சுகர் மட்டும் இல்லன்னா நான்..." என்று ஆரம்பித்தாள். பேச்சை முடிக்கவில்லை. முடித்தால் என்ன கேட்குமோ, கேட்காமல் போகுமோ என்று பயந்துவிட்டாள். பாதியிலேயே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தாள்.

அப்புறம்தான் அவள் பாகூர் போனாள். வேறு வழி இருந்திருந்தால் போயிருக்க மாட்டாள். கோகிலா கொட்டகையில் சாணி அள்ளிக்கொண்டிருந்தாள். அண்ணன் பெண்டாட்டி காலில் விழுந்ததும் விலகி நின்றாள்.

"இந்தாம்மா, எழுந்திரு. எனக்கு அண்ணன் கெடயாது. நான்தான் செத்துட்டனே, எங்கிட்ட வந்து இன்னாத்த கேக்கற?"

"உங் கூடப் பொறந்ததுடி. ஒடம்புல பாதி ஆளு கூட இல்ல. நீ வந்து பாரு."

"இந்தா, இவரு முதுகப் பாரு மொதல்ல" என்றாள் கோகிலா. அன்புராஜ் எருமையைத் தண்ணீருக்கு ஓட்டிக்கொண்டு போனார். அவர் இடது தோள் பதினெட்டு வருஷமாக மேலே தூக்காது.

விசாலாட்சி விடவில்லை. அன்றாடம் பஸ் ஏறி வந்தாள். கொட்டகை வாசலில் உட்கார்ந்து, கேட்கவும் கேட்காமல், அழுதுகொண்டே இருந்தாள். எருமைகள் மிரண்டு பால் குறைந்தது. கடைசியில் கோகிலாவுக்கு ஒரு யோசனை வந்தது. அந்தச் சுவருக்கு எதிரே போய், நாலு பேர் கேட்கத் தரமாட்டேன் என்று சொல்லிவிட வேண்டும். பல்லியே மெய் என்று சொன்னபின் யாரும் வாசலில் வந்து உட்கார மாட்டார்கள். இதைத் தவிர அவளுக்கு அந்தக் கடையில் எந்த வேலையும் இல்லை.

வெள்ளிக்கிழமை வந்தாள். படத்துக்கு அப்போதுதான் புது மாலை போட்டிருந்தார்கள். ரெட்டைச் சடையில் சிரித்துக்கொண்டிருந்த தன்னை அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். கல்லாவில் அரங்கநாதன் தலையைத் தூக்கவில்லை. செந்தில்நாதன், ராஜ்மோகன், காசம்மாள், தவிடு வாங்க வந்தவர்கள் எல்லாரும் நின்றார்கள்.

"நான் குடுக்க மாட்டேன்" என்றாள் கோகிலா.

மௌனம். விசாலாட்சி தலையில் அடித்துக்கொண்டாள். "போச்சே! இவளும் குடுக்க மாட்டாளே! பல்லி சொல்லலியே!" கூட்டம் உச்சுக்கொட்டியது. ஒரு வருஷமாக அந்தச் சுவரின் மௌனத்துக்கு அவர்கள் ஒரே அர்த்தத்தைத்தான் அறிந்திருந்தார்கள். அண்ணனுக்கு மௌனம், தம்பிக்கு மௌனம், இப்போது தங்கைக்கும் மௌனம். செந்தில்நாதன் விசாலாட்சியைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டிப்போனார். ராஜ்மோகன் கூடக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அவள் என்ன சொன்னாள் என்பதை அங்கே யாரும் கவனிக்கவில்லை, அவளைத் தவிர.

அவள் நகரவில்லை. "நான் குடுக்க மாட்டேன்" என்று மறுபடி சொன்னாள். சத்தமில்லை. "இந்த ஆளு செத்தாலும் எனக்கு ஒண்ணும் இல்ல." சத்தமில்லை. இவ்வளவு காலம் கோபத்தைக் கட்டிக்காத்தது இதற்குத்தானா என்று அவளுக்கு ஆத்திரம் வந்தது. "எனக்கு இந்த ஆளு மேல கோவம் தீரல, எப்பவும் தீராது!" என்று அலறினாள். படத்துக்குப் பின்னாலிருந்து மூன்று முறை, மார்க்கெட் முழுக்கக் கேட்கும்படி, பல்லி சொல்லியது. கோபமும் இருந்தது, கொடுக்கப்போவதும் இருந்தது. இரண்டும் ஒரே ஆளுக்குள் இருக்க முடியும் என்று அவளுக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை. அவள் அதை விரும்பவும் இல்லை.

அந்த மாசம் முழுக்க அவள் திரும்பத் திரும்ப வந்தாள். கோயில் தேரோட்டத்தன்று கூட, வெளியே வடம் பிடிப்பவர்களின் கூச்சலுக்கு நடுவே, சுவரிடம் நின்று "மாட்டேன்" என்று சொல்லிப் பார்த்தாள். லூர்து மாதாவிடம் போய், என் மனசைக் கல்லாக்கு என்று மெழுகுவத்தி ஏற்றினாள். திரும்ப வந்து சொன்னாள், மௌனம். என்ன செய்ய என்று அன்புராஜிடம் கேட்டாள். அவர், "நான் அந்தச் செவுத்துகிட்ட போயி நிக்க மாட்டேன். நின்னா இன்னா வரும்னு எனக்குத் தெரியும். நீ ஆஸ்பத்திரிக்குப் போ" என்றார். மறுநாள் அவள் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் கொடுத்தாள். பொருந்தியது. கடைசிவரை ஒருவரிடமும் தருகிறேன் என்று அவள் சொல்லவேயில்லை. கேட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டாள், படுக்கச் சொன்ன இடத்தில் படுத்தாள்.

இருவரும் பிழைத்தார்கள். மழைக்காலம் முடிந்து அரங்கநாதன் கடைக்கு வந்தார். முகத்தில் நிறம் திரும்பியிருந்தது. முதல் வேலையாக ஸ்டூலில் ஏறித் தங்கையின் படத்தைக் கழற்றக் கை வைத்தார். தவிடு வாங்க வந்திருந்த கோகிலா கீழேயிருந்து பார்த்தாள். பதினெட்டு வருஷத்துக்குப் பிறகு அந்தக் கடையில் அவள் வாங்கும் முதல் மூட்டை அது.

"எறக்காத" என்றாள்.

"கோகிலா, அன்னிக்கு நான் செஞ்சது தப்பும்மா."

இருவரும் காத்திருந்தார்கள். வெளியே பஸ் ஒன்று ஆரன் அடித்துக்கொண்டு போனது. சுவரில் ஒன்றும் கேட்கவில்லை. அரங்கநாதனின் முகம் செத்துவிட்டது. அவர் மனசாரத்தான் சொன்னார், தன் மனசு அதுதான் என்று நம்பித்தான் சொன்னார். தங்கையின் சதை தன் வயிற்றுக்குள் வேலை செய்துகொண்டிருக்க, குளத்தில் தலைமுழுகிய அந்த ஆள் இன்னும் உள்ளே அப்படியே உட்கார்ந்திருந்தான்.

"அது சொல்லட்டும், அப்பறம் எறக்கு" என்றாள் கோகிலா. மூட்டையைத் தூக்கி வண்டியில் போடச் சொன்னாள்.

அதன்பின் தினமும் காலையில் அரங்கநாதன் ஷட்டரைத் தூக்கி, சாம்பிராணி காட்டி, சுவருக்கு எதிரே நின்று, "அன்னிக்கு நான் செஞ்சது தப்பு" என்று சொல்கிறார். சில நாள் கைகூப்பிச் சொல்கிறார், சில நாள் தேம்பிக்கொண்டு சொல்கிறார். வாடிக்கையாளர்களுக்கு இது பழகிவிட்டது. அவர் சொல்லி முடித்து, காது கொடுத்துக் கேட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு தராசுக்கு வரும்வரை யாரும் தீவனம் கேட்பதில்லை. வெள்ளிக்கிழமைகளில் கோகிலா வருகிறாள். தன் படத்துக்குக் கீழே ஸ்டூலில் உட்கார்ந்து, அவளும் காது கொடுத்துக் கேட்கிறாள். போன வாரம் காசம்மாள் மாலையை நீட்டியபோது அவளே கைநீட்டி வாங்கி முகர்ந்து பார்த்தாள்.

"கதம்பம் சாயங்காலத்துக்குள்ள வாடிப்பூடுது. அடுத்த வாரத்துலேர்ந்து எனக்கு மல்லி குடு" என்றாள்.

காசம்மாள் சரி என்றாள். அரங்கநாதன் மாலையை வாங்கிப் படத்துக்குப் போட்டுவிட்டு, தங்கைக்கு ஒரு மூட்டை கோதுமைத் தவிடு நிறுத்தார்.